பாலர் கால்பந்தாட்டமும் பயிற்சியாளர் கடமையும்

(நமது சங்கத்தின் வருஷாந்தர மகாநாட்டில் நிகழ்த்தப்பெற்ற உபந்நியாசம்)

   

கல்வி அபிவிருத்தி, விவாகச் செலவுச் சிக்கனம், ஏழை மாணவர் உபகாரச் சம்பளம் ஆகிய விஷயங்களே பெரும்பாலும் பேசப்பட்டு வரும் இம்மேடையில், சிறுவர் ஆடும் கால்பந்தைப் பற்றிப் பேச நாம் முன்வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். விளையாட்டு விளையாட்டுத்தானே, அதற்கோர் உபந்நியாசமும் வேண்டுமோ என்று வினவுவாரும் இருப்பர். ஆயினும் குழந்தை ஒன்று தன் பெற்றோரும் ஆசிரியரும் அல்லாத மூன்றாமொரு பெரியவரின் சொல்லுக்கு முதன்முதல் கட்டுப்பட்டு நிற்குமிடம் பல குடும்பங்களில் இவ்விளையாட்டு மைதானமே ஆகும். அங்கு அக்குழந்தை பெறுவது தைரியமா, அன்றித் தான் எதற்கும் உதவாதவன் என்னும் எண்ணமா என்பது அப்பெரியவரைப் பொறுத்தது. ஆகவே இதனைச் சிறு விஷயமென்று தள்ளுதல் கூடாது.

நமது குலத்துக் குடும்பங்கள் பல இப்பொழுது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் குடியேறி வாழ்கின்றன. அங்கே சனிக்கிழமை காலையில் ஊர்ப் பூங்காக்களைப் பார்ப்பவர், வர்ணச் சட்டையணிந்த சிறுவரும் சிறுமியரும் புல்தரைகளிற் பந்தைத் துரத்தி ஓடுவதைக் காண்பர். இவ்வாட்டங்களை நடத்தும் லீகுகளுட் பெரும்பாலானவை ஊதியம் பெறாத பெற்றோரைக் கொண்டே நடைபெறுகின்றன. கோச் என்னும் பயிற்சியாளர் போதாமற் போகும்பொழுது, தம் வாழ்நாளில் ஒரு முறையேனும் பந்தை உதைத்தறியாத தகப்பனாரிடமும் தாயாரிடமும், "இக்குழுவை நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும்" என்று வேண்டுதல் வருகிறது. நாமும் கலிபோர்னியா மாகாணத்தில் அவ்வண்ணம் ஒரு பாலர் குழுவைச் சில ஆண்டுகள் பழக்கி வந்தோம். அவ்வனுபவத்தையும், இத்துறையில் அறிஞர் ஆராய்ந்து கண்டவற்றையும் சேர்த்து உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

முதலாவதாக, அந்நாட்டார் இவ்வாட்டத்துக்கு வழங்கும் 'சாக்கர்' என்னும் பெயரின் வரலாறு நமக்கு இன்பம் தருவதாகும். 1863-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் ஆட்டக்காரர் ஒன்றுகூடி ஒரு சங்கம் நிறுவி, ஆட்டத்துக்குப் பொது விதிகளை வகுத்தனர். 'அசோசியேஷன்' எனப்படும் சங்கத்தின் விதிப்படி ஆடும் ஆட்டமாதலின், அச்சொல்லின் இடையிலுள்ள சில எழுத்துக்களை எடுத்து இங்கிலாந்து மாணவர்கள் விளையாட்டாக 'சாக்கர்' என்று வழங்கினர். ஆகவே இப்பெயரிலேயே சங்கம் என்னும் பொருள் அடங்கியிருக்கிறது. பலர் கூடி, ஒருவர்க்கொருவர் இடங்கொடுத்து, ஒரு விதிக்குட்பட்டு நடப்பதே சங்கமாயின், அதனைக் குழந்தைகள் கற்குமிடங்களுள் இம்மைதானமும் ஒன்றன்றோ!

1964-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவிலுள்ள டாரன்ஸ் என்னும் ஊரில் ஒன்பது குழுக்களைக் கொண்டு 'அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன்' என்னும் ஸ்தாபனம் தொடங்கப்பெற்றது. அதன் முதற்கொள்கை, எல்லாரும் ஆட வேண்டும் என்பது. குழுவிற் சேர்ந்த ஒவ்வொரு குழந்தையும், திறமை மிக்கதாயினும் குறைந்ததாயினும், ஒவ்வோர் ஆட்டத்திலும் பாதி நேரத்துக்குக் குறையாமல் ஆடியே தீர வேண்டும். வல்லவர் அனைவரும் ஒரே குழுவிற் சேர்ந்துவிடாதபடி குழுக்களைச் சமனாகப் பிரித்தமைத்தல் மற்றொரு கொள்கை. இவ்விரு விதிகளும் எழுத்தில் எளியவை. ஆட்டத்தின் கடைசிப் பத்து நிமிஷத்தில் நிறைவேற்றுதற்கு அரியவை. அவ்வருமையைப் பின்னர்க் கூறுவோம்.

பயிற்சியாளரின் நடத்தை குழந்தைகளை எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு ஒரு பிரத்தியட்சப் பிரமாணம் உண்டு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்து உளநூல் அறிஞர்களாகிய ரொனால்ட் ஸ்மித், பிராங்க் ஸ்மோல் என்னும் இருவர், சிறுவர் பேஸ்பால் குழுக்களைப் பழக்குவோரை நெடுங்காலம் ஆராய்ந்தனர். அவர்கள் பயிற்சியாளருட் சிலருக்கு, பருவம் தொடங்குமுன் சில மணி நேரமே நடைபெற்ற ஒரு வகுப்பில் இவற்றைப் போதித்தனர்: குழந்தை நன்றாக ஆடினால் உடனே பாராட்டுக, முயற்சிக்கும் பாராட்டு உண்டு, பிழை செய்தால் முதலில் தேற்றுக, பின்பு திருத்தும் வழியைச் சொல்லுக, பிழைக்காகத் தண்டியாதிருக்க. மற்றொரு சாராருக்கு இப்போதனை அளிக்கப்படவில்லை. 1992-இல் வெளியான முடிவு யாதெனில், போதனை பெறாதார் குழுக்களில் 26 சதவிகிதம் குழந்தைகள் அடுத்த ஆண்டு ஆட்டத்துக்குத் திரும்பி வரவில்லை; போதனை பெற்றார் குழுக்களில் வாராதவர் 5 சதவிகிதமே. இரு சாராரும் பெற்ற வெற்றி தோல்விகளில் வித்தியாசமில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். அக்குழந்தைகள் தோல்வியினால் விலகவில்லை. தோல்வி வந்தபொழுதும் பிழை நேர்ந்தபொழுதும் பெரியவர் நடந்துகொண்ட விதத்தினாலேயே விலகினர் என்பது இதனால் விளங்கும். அது வேறோர் ஆட்டமாயினும் குழந்தையின் மனம் ஒன்றே.

இனிப் பயிற்சி நடத்தும் முறையைச் சிறிது பார்ப்போம். புதிதாய் வருவோர் பெரும்பாலும் செய்வது, பன்னிரண்டு குழந்தைகளை ஒரு வரிசையில் நிறுத்தி, ஒருவர்பின் ஒருவராக வந்து கோலை நோக்கிப் பந்தை உதைக்கும்படி ஏவுதலாகும். பார்ப்பதற்கு ஒழுங்காயிருக்கும். ஆனாற் கணக்கிட்டுப் பாருங்கள். ஒருவர்க்கு இருபது விநாடி செல்லுமாயின், ஒரு முறை உதைத்த குழந்தை மறுமுறை உதைக்க நான்கு நிமிஷம் காத்து நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அதற்குக் கிடைப்பது பதினைந்தே முறை. எஞ்சிய நேரமெல்லாம் புல்லைக் கிள்ளுவதும், முன்னிற்பவனை இடிப்பதும், அதற்காக நம்மிடம் வசை கேட்பதுமாகக் கழியும். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பந்தைக் கொடுத்து, குறுகிய கட்டத்துக்குள் ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் ஓட்டச் செய்தாலோ, அதே குழந்தை அதே நேரத்தில் நூற்றுக்கணக்கான முறை பந்தைத் தொடும். காத்து நிற்கும் குழந்தைக்குக் குறும்பு செய்ய அவகாசமுண்டு. ஆடும் குழந்தைக்கு அவகாசமில்லை.

இக்கருத்தை முன்னிட்டே அந்நாட்டுச் சாக்கர் சம்மேளனம் 2017 முதல் சிறு குழு ஆட்டத்தை விதியாக்கியது. எட்டு வயதுக்குட்பட்டோர் பக்கத்துக்கு நால்வராகக் கோல் கீப்பர் இன்றி ஆடுவர்; பத்து வயதுக்குட்பட்டோர் எழுவர்; பன்னிரண்டுக்குட்பட்டோர் ஒன்பதின்மர்; அதன் பின்னரே பதினொருவர். பந்தும் அவ்வாறே மூன்றாம் நம்பரிலிருந்து நான்கு, ஐந்து என்று வளரும். பெரியவர் மைதானத்தில் இருபத்திரண்டு குழந்தைகளை ஒரு பந்தோடு விட்டால், வலிமையுடைய இருவர் மூவர் ஆட, ஏனையோர் வேடிக்கை பார்ப்பர். எண்மர் ஆடுமிடத்திலோ ஒதுங்கி நிற்க இடமேது?

மைதானத்து ஓரத்தில் நின்று கூவும் வழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்து காலில் வந்த அக்கணத்தில், "உதை" என்று பயிற்சியாளரும், "கொடு" என்று தகப்பனாரும், "ஓடு" என்று மாமனும் கூவினால் எட்டு வயதுக் குழந்தை யார் சொல்லைக் கேட்கும்? எதிரி எங்கே, தோழன் எங்கே, தனக்கு வழி எங்கே என்று அக்குழந்தை தானே கண்டு தானே முடிவு செய்தலன்றோ ஆட்டத்தின் உயிர்! அம்முடிவை நாம் கூவிப் பறித்துக்கொள்ளுமிடத்து ஆடுபவர் நாமாகின்றோம். குழந்தை நம் கைப்பாவையாகிறது. இதனையறிந்து சில லீகுகளில் பருவத்துக்கு ஒரு நாளை 'மௌன சனிக்கிழமை' என்று குறித்து, பெற்றோரும் பயிற்சியாளரும் கை தட்டுதலன்றி வாய் திறவாதபடி செய்திருக்கின்றனர். மௌன விரதத்தின் மகிமையை நன்கறிந்த நமக்கு இது புதிதன்று. அன்று மைதானத்திற் கேட்பது குழந்தைகளின் குரல் மட்டுமே. அவர்களே ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்து, இடம் காட்டி ஆடுவதை நாம் கண்டோம். மேலும், சிறுவர் ஆட்டங்களில் நடுவராக ஊதுகுழலுடன் நிற்பவர் பதின்மூன்று பதினான்கு வயதுப் பிள்ளைகளாகவே பல இடங்களில் இருக்கின்றனர். அவர்களை நோக்கி நாற்பது வயதினர் சினந்து கூவுதல் எவ்வாற்றானும் தகாது.

முன்னே குறித்த அருமை இதுவே. ஒரு பருவத்தின் இறுதி ஆட்டத்தில் நம் குழுவும் எதிர்க் குழுவும் இரண்டிரண்டு கோல்களுடன் சமனாய் நின்றன. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், குழுவில் மிகவும் மெல்ல ஓடுபவன், தன் பாதி நேரத்தை இன்னும் ஆடி முடிக்கவில்லை. அவனை உள்ளே அனுப்ப வேண்டுமாயின் நம் குழுவில் வல்லவனான சிறுவனை வெளியே அழைக்க வேண்டும். அவ்வல்லவனின் தகப்பனார், நம்மவரே, அருகில் வந்து, "இன்று ஒரு நாளைக்கு மட்டும் விதியைப் பாராதிருங்கள்; ஜெயித்தால் அந்தப் பையனுக்குந்தானே கோப்பை" என்று வேண்டினார். அவர் சொல்லில் துவேஷமில்லை. கோப்பை அந்த மெல்லோட்டக்காரனுக்கும் கிடைக்குமென்பது மெய்யே. ஆயினும் நாம் இணங்கவில்லை. உட்கார்ந்து பெற்ற கோப்பை அச்சிறுவனுக்கு என்ன சொல்லும்? "நீ இல்லாமையாலேயே நாங்கள் வென்றோம்" என்றன்றோ வீட்டு அலமாரியிலிருந்து ஆண்டுதோறும் சொல்லிக் கொண்டிருக்கும்! அவன் ஆடினான். எதிர்க் குழு ஒரு கோல் போட்டது, நாம் தோற்றோம். அத்தகப்பனார் இரண்டு வாரம் நம்மோடு பேசவில்லை. அடுத்த ஆண்டு பதிவு செய்யும் நாளில் முதலில் வந்த பெயர்களுள் அம்மெல்லோட்டக்காரனின் பெயரும் ஒன்று. வல்லவனும் வந்தான். இதற்கு மேல் நாம் வேறு கோப்பையை விரும்பவில்லை.

திறமையை எடைபோடுவதில் எச்சரிக்கை வேண்டும் என்பதற்கு மற்றொரு காரணமும் உண்டு. ஜனவரி முதல் தேதியை எல்லையாகக் கொண்டு வயதுப் பிரிவு அமைக்குமிடத்தில், ஜனவரியிற் பிறந்தவனும் டிசம்பரிற் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பர். ஆறு வயதில் இவ்வேறுபாடு வாழ்நாளில் ஆறிலொரு பங்கு. மூத்தவன் உயரமாயிருப்பான், விரைந்தோடுவான். பயிற்சியாளர் அதனைப் பிறவித் திறமையென்று கொண்டு அவனுக்கே அதிக ஆட்டமும் அதிகப் போதனையும் கொடுப்பார். அதனால் அவன் மெய்யாகவே திறமையுடையவன் ஆவான். கனடா நாட்டு ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரர்களுள் ஆண்டின் முதல் மாதங்களிற் பிறந்தோரே மிகுந்திருத்தலை ரோஜர் பார்ன்ஸ்லி என்பாரும் அவர் கூட்டாளிகளும் 1985-இல் எடுத்துக் காட்டினர். கால்பந்திலும் இஃதே பின்னர்ப் பல நாடுகளிற் காணப்பட்டது. ஆகவே ஏழு வயதுக் குழந்தையைப் பார்த்து, "இவனுக்கு ஆட்டம் வாராது" என்று தீர்ப்புச் சொல்பவர், பல வேளைகளில் அவன் பிறந்த மாதத்துக்கே தீர்ப்புச் சொல்லுகின்றார்.

இனிக் குழந்தைகளின் தேகபத்திரம். இதில் அசட்டை உயிருக்கே ஹானியாகும். பந்தைத் தலையால் முட்டுதல் இவ்வாட்டத்தின் அலங்காரங்களுள் ஒன்று. ஆயினும் இங்கிலாந்தின் பெயர் பெற்ற ஆட்டக்காரரான ஜெப் ஆஸ்டில் 2002-இல் தமது 59-ஆம் வயதில் மூளை நோயால் இறந்தபொழுது, பந்தைப் பன்முறை தலையால் முட்டியதே அந்நோய்க்குக் காரணமாயிற்று என்று மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். 2019-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார், ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் மூளைச் சிதைவு நோய்களால் இறப்பது மற்றவரைக் காட்டிலும் ஏறத்தாழ மூன்றரை மடங்கு என்று கண்டனர். அவர்கள் ஆயுள் முழுதும் ஆடியவர். அதனை அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்திச் சொல்வது சரியன்று. எனினும் வளரும் மூளையைப் பணயம் வைத்துப் பார்க்க எந்தப் பெற்றோர் துணிவர்? அமெரிக்கச் சம்மேளனம் 2015-ஆம் ஆண்டிலேயே பத்து வயதும் அதற்குட்பட்டதுமான குழந்தைகள் பந்தைத் தலையால் முட்டுதலைத் தடுத்து, பதினொன்று முதல் பதின்மூன்று வரையுள்ளோர்க்குப் பயிற்சியில் அளவு வைத்தது. 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துச் சங்கங்களும் ஆரம்பப் பள்ளி வயதினர்க்குப் பயிற்சியில் இதனை நிறுத்தின.

தலையில் அடிபட்ட குழந்தையை அன்று திரும்ப ஆடவிடலாகாது என்பது மற்றொரு கட்டாய விதி. வாஷிங்டன் மாகாணத்தில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் தலையில் அடிபட்ட பின்னும் மீண்டும் ஆட்டத்தில் இறக்கப்பட்டு, மூளையில் இரத்தங்கட்டி, பிழைத்தும் நெடுங்காலம் நடக்கவும் இயலாது வருந்தினான். அவன் பெயராலேயே 2009-இல் அம்மாகாணத்திற் சட்டம் பிறந்தது. மூளை அதிர்ச்சியென்று ஐயம் எழுந்தவுடன் வெளியேற்ற வேண்டும். தகுதி பெற்ற வைத்தியர் எழுத்து மூலம் அனுமதித்த பின்னரே திரும்பலாம். 2014-க்குள் ஐம்பது மாகாணங்களும் இத்தகைய சட்டம் இயற்றிவிட்டன. குழந்தை, "எனக்கு ஒன்றுமில்லை, ஆடுகிறேன்" என்று கெஞ்சும். தலைவலி, மயக்கம், வாந்தி, கேள்விக்குத் தாமதித்து விடை கூறல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினும் பயிற்சியாளர் மனம் இளகலாகாது. நம்மூர்ப் பள்ளிக்கூட மைதானங்களிலும் இவ்விதி உடனே கைக்கொள்ளத்தக்கது. இதற்குச் செலவு ஒரு காசுமில்லை.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. விளையாட்டுப் பழக்குவோரும் வைத்தியரும் தம் அதிகாரத்தைக் கொண்டு குழந்தைகளைக் கெடுத்த கொடுமைகள் அந்நாட்டில் வெளிப்பட்டபின், 2018-இல் மத்திய சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பெரியவர் ஒருவர் குழந்தையோடு பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் தனித்திருத்தலைத் தடுக்கும் ஏற்பாடுகள் அதன்படி செய்யப்பட்டன. குற்றம் நிகழ்ந்ததாக ஐயம் தோன்றின் உடனே அதிகாரிகளுக்கு அறிவித்தல் கடமையாயிற்று. நல்ல பயிற்சியாளர் இவ்விதியை அவமதிப்பாகக் கொள்ளார். தம்மையும் காக்கும் வேலியென்றே கொள்வர். "நம்மவர்தானே, தெரிந்தவர்தானே" என்னும் தாட்சணியத்தால் கேளாதிருந்துவிடுதல் நம்மிடையே அதிகம். குழந்தைகள் விஷயத்தில் தாட்சணியம் ஆகாது.

நிற்க. இவ்வாறெல்லாம் மென்மையாக வளர்த்தால் வீரர் தோன்றுவரோ, ஜெயம் என்பதே வேண்டாவோ என்று சிலர் கேட்பர். கேட்கத் தக்க கேள்வியே. இதற்கு நார்வே தேசமே விடையளிக்கிறது. அத்தேசத்தார் 1987 முதல் குழந்தைகள் விளையாட்டுக்கென்று தனி விதிகள் வகுத்து, 2007-இல் அவற்றைக் குழந்தைகளின் உரிமைகளாகவும் எழுதி வெளியிட்டனர். பதினொரு வயது நிரம்பும் ஆண்டுக்கு முன் வெற்றி தோல்விப் பட்டியல் வெளியிடலாகாது. தேசிய சாம்பியன் போட்டி பதின்மூன்றுக்கு முன் இல்லை. அவ்வாறு வளர்ந்த தேசம் ஏறத்தாழ ஐம்பது லட்சம் ஜனத்தொகையே உடையது; 2018-இல் குளிர்கால ஒலிம்பிக்கில் 39 பதக்கங்களையும், 2022-இல் 16 தங்கப் பதக்கங்களையும் பெற்று உலகில் முதன்மை பெற்றது. பனிப் பிரதேசமென்பதும் காரணமே, மறுக்கவில்லை. ஆயினும் பிஞ்சிலே பட்டியலிடாமையாற் பழம் கெட்டுவிடவில்லை என்பதாவது வெள்ளிடைமலை. ஜெயத்தை நாமும் விரும்புகின்றோம். அதனைக் கற்பிப்பதற்கு எட்டு வயது காலமன்று என்றே கூறுகின்றோம்.

நம் குலத்தாரின் மனப்பான்மையையும் ஒளியாமற் சொல்ல வேண்டும். பரீட்சை மார்க்கு ஒன்றே மனிதனின் அளவு என்று எண்ணி வளர்ந்தவர் நாம். அவ்வெண்ணமே நம்மிற் பலரைக் கல்வியில் முன்னேற்றியது என்பதும் உண்மை. ஆனால் அதே அளவுகோலை மைதானத்துக்கும் கொண்டு சென்று, "எத்தனை கோல் போட்டாய்?" என்பதையே முதற் கேள்வியாகக் கேட்கின்றோம். வீடு திரும்பும் காரில் அரைமணி நேரம் பிழைகளை ஒவ்வொன்றாய் விவரிக்கின்றோம். குழந்தைக்கு அவ்வரைமணி நேரம் ஆட்டத்தைக் காட்டிலும் நீண்டதாகும். அவ்வேளையில் "நீ ஆடுவதைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாயிருந்தது" என்று ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். திருத்த வேண்டியதைச் செவ்வாய்க்கிழமைப் பயிற்சியிற் பயிற்சியாளர் திருத்தட்டும்.

முடிவாக, மூன்று வேண்டுகோள்கள். வெளிதேசத்திலுள்ள நம் இளைஞர்கள், தாய்மாரும் உட்பட, ஆட்டம் தெரியாதென்று பின்வாங்காமல் இவ்வூழியத்தை ஏற்க வேண்டும். விதிகளையும் முறைகளையும் லீகுகளே கற்பிக்கும், பொறுமையை மட்டும் நீங்கள் கொண்டு சென்றாற் போதும். இரண்டாவது, இங்குள்ள அங்கத்தினர்கள் தம் பிள்ளைகளைப் பழக்குவோர் யார், எவ்விதம் பழக்குகின்றார் என்பதை ஒரு நாளேனும் மைதானத்துக்குச் சென்று நேரிற் காண வேண்டும். மூன்றாவது, நமது சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் விளையாட்டு விழாவில் பத்து வயதுக்குட்பட்டோர்க்கு முதற்பரிசு, இரண்டாம் பரிசு என்று வைத்திருப்பதை நிறுத்தி, அத்தொகைக்குப் பந்துகள் வாங்கி, கலந்துகொள்ளும் குழந்தைகளின் கையிற் கொடுக்க வேண்டும். இத்தீர்மானத்தை நிர்வாக சபையின் முன் எழுத்து மூலம் சமர்ப்பித்திருக்கின்றோம். பரிசுக் கோப்பை அலமாரியில் இருக்கும். பந்து தெருவில் உருளும், பின்னால் நான்கு குழந்தைகள் ஓடும்.